அல்லாஹ் சொன்னதென்றால் அது குர்ஆன்தானே? (கீழே போடும் சின்ன எழுத்து பற்றிய இழை)

கேள்வி: தேவகோட்டை வாசகர், 6 மே 2023

பிரஸ் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பாய் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மேலே போடச் சொன்ன வாசகம் இது: "அல்லாஹ் கூறுகிறான்: என் மகத்துவத்திற்காக ஒருவரையொருவர் நேசித்தவர்கள் எங்கே? என் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லாத இந்நாளில் அவர்களுக்கு என் நிழலில் நிழல் தருகிறேன்." அதன் கீழே அடைப்புக்குள் "முஸ்லிம்" என்று எழுதியிருந்தது. அல்லாஹ் பேச்சுக்குக் கீழே எதற்கு முஸ்லிம் என்று போடணும், அதுதான் எல்லாருக்கும் தெரியுமே, கை தவறி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து நானே "குர்ஆன்" என்று மாற்றி 400 அடித்துவிட்டேன். இப்போது எடுக்க மாட்டேன் என்கிறார்கள். அல்லாஹ் சொன்னால் குர்ஆன்தானே? நான் என்ன தப்புச் செய்தேன்?

6 மே, மதியம்

தப்புதான் அண்ணே. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

அங்கே "முஸ்லிம்" என்பது மதம் இல்லை, ஓர் ஆள். நைசாபூர்க்காரர். ஹிஜ்ரி 261இல், கி.பி. 875 கணக்கு, மவுத்தானவர் (இறந்தவர்). அவர் தொகுத்த ஹதீஸ் நூலை, அதாவது நபி சொன்னது, செய்தது பற்றிய அறிவிப்புகளின் தொகுப்பை, அவர் பேராலேயே சொல்வோம். புகாரி என்பதும் அப்படித்தான், புகாரா ஊர்க்காரர். "நூல்: முஸ்லிம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இந்த 400 நட்டம் வந்திருக்காது. பாதிக் குற்றம் எழுதிக் கொடுத்தவர் மேல்.

அந்த வாசகம் ஹதீஸ் குத்ஸி. அல்லாஹ் சொன்னதாக நபி (ஸல்) அறிவித்தது. குர்ஆனில் அந்த வாக்கியம் கிடையாது. இல்லாததை உண்டு என்று போட்டால் யார் எடுப்பார்கள்?

நான் காரைக்குடியில் முப்பது வருஷம் போர்டு எழுதியவன். ஃபிளெக்ஸ் வந்து பிரஷைக் கீழே வைக்கிற வரைக்கும் பள்ளிவாசல் சுவர், மதரஸா சுவர், லாரி, டீக்கடை என்று நான் எழுதாத நபிமொழி இல்லை. அதில் எத்தனை நபிமொழியே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டவன். அதனால் இதில் கொஞ்சம் பேச இருக்கிறது.

6 மே, இரவு

சாப்பிட்டுவிட்டு வந்தேன். எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் நன்னா (தாத்தா) ரங்கூனில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் காவல் வேலை பார்த்தவர். அவர் சொல்வார்: ஊரிலிருந்து முதலாளி கடுதாசி வந்தால் மேலாள் அதை எல்லாரும் கேட்க அப்படியே வாசிப்பார். ஒரு சொல்லை மாற்ற மாட்டார். சில சமயம் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவரிடம் முதலாளி வாயால் ஒன்று சொல்லி அனுப்பியிருப்பார். "முதலாளி இப்படிச் சொல்லச் சொன்னாங்க" என்று வந்தவர் தம் வார்த்தையில் சொல்வார். மூன்றாவது, மேலாளே இடும் உத்தரவு. முதலாளி கொடுத்த அதிகாரத்தில் இடுவது. அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்றுக்கும் கட்டுப்பட்டவர்கள்தான். ஆனால் கடுதாசி மட்டும்தான் பெட்டிக்குள் பத்திரமாகப் போகும்.

கடுதாசி மாதிரி குர்ஆன்: சொல்லும் பொருளும் அல்லாஹ்வுடையவை. வாய்ச் சேதி மாதிரி ஹதீஸ் குத்ஸி: பொருள் அல்லாஹ்வுடையது, சொல் நபியுடையது. உத்தரவு மாதிரி மற்ற ஹதீஸ்கள், அதாவது ஹதீஸ் நபவி: நபி தாமே சொன்னது, செய்தது, கண்டும் தடுக்காமல் விட்டது.

7 மே

காலையில் சுபுஹுத் தொழுகை முடிந்து எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (இமாமிடம்) இந்தக் கிட்டங்கிக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். பிறகு இரண்டு இடத்தில் பிடித்தார்.

ஒன்று, குத்ஸியில் சொல் நபியுடையது என்று நான் அடித்துச் சொன்னது ஒரு கருத்துதான். சொல்லும் அல்லாஹ்வுடையதே, ஆனால் ஓதி வணங்குவதற்காகவோ "இதைப்போல ஒன்று கொண்டுவா" என்ற சவாலாகவோ இறக்கப்பட்டதில்லை என்று சொல்லும் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு. இரண்டு பக்கமும் பெரிய ஆட்கள். போர்டு எழுதுகிறவன் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு, மூன்றாவது வகையை மேலாள் உத்தரவு என்றது. "அவர் தம் இச்சைப்படி பேசுவதில்லை, அது அறிவிக்கப்படும் வஹீயே (இறைச்செய்தியே)" என்று குர்ஆனே 53ஆம் அத்தியாயத்தில் சொல்கிறதே, மேலாளுக்கு அப்படி யார் சான்று கொடுத்தது என்றார். மதரஸாவில் இதை ஓதப்படும் வஹீ, ஓதப்படாத வஹீ என்று பிரிப்பார்களாம். முதலாவது குர்ஆன் மட்டும். குத்ஸியும் மற்ற ஹதீஸும் இரண்டாவதில்.

எனக்கு அந்த "ஓதப்படும்" என்ற சொல் பிடித்துப்போனது. பிரிக்கிற கத்தி எது என்றால் ஓதல்தான். தொழுகையில் நின்று குத்ஸியை ஓதினால் அது குர்ஆன் ஓதியதாகாது. குர்ஆனில் ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை. அலிஃப் லாம் மீம் என்பது ஓரெழுத்து இல்லை, மூன்று எழுத்து என்று திர்மிதி என்ற தொகுப்பில் ஒரு ஹதீஸ் வருகிறது. குத்ஸிக்கு அந்த எழுத்துக் கணக்கு இல்லை. உளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) இல்லாமல் முஸ்ஹஃபை, அதாவது குர்ஆன் பிரதியை, தொடக்கூடாது என்பதே நான்கு மத்ஹபின் (ஹனஃபி, ஷாஃபி போன்ற சட்டப் பள்ளிகளின்) நிலை. ஹதீஸ் கிதாபுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மரியாதைக்கு உளூவோடு எடுப்பார்கள். இமாம் மாலிக் குளித்து, நறுமணம் பூசிக்கொண்டுதான் ஹதீஸ் சொல்ல உட்காருவாராம்.

7 மே, கொஞ்ச நேரம் கழித்து

தேவகோட்டை அண்ணன் கேட்கிறார்: "அப்ப அல்லாஹ் 'நான்' என்று பேசினால் குர்ஆன் இல்லாட்டி குத்ஸி. நபி 'நான்' என்று பேசினால் ஹதீஸ். சரியா?"

சரியில்லை. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்தேன்.

குர்ஆனைத் திறந்து 79:24 பாருங்கள். "நானே உங்களின் மிக உயர்ந்த இறைவன்." சொல்கிறவன் ஃபிர்அவ்ன், எகிப்து மன்னன். 7:12இல் "நான் அவரைவிட மேலானவன், என்னை நெருப்பால் படைத்தாய்" என்கிறவன் இப்லீஸ், அதாவது சைத்தான். 19:64இல் "உம் இறைவனின் கட்டளையில்லாமல் நாங்கள் இறங்குவதில்லை" என்பது வானவர் ஜிப்ரீலின் வாய்ச்சொல். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் "உன்னையே வணங்குகிறோம்" என்பது அடியான் பேச்சு. எல்லாமே குர்ஆன்தான். எல்லா எழுத்துக்கும் பத்து நன்மைதான்.

ஆகவே வாக்கியத்துக்குள்ளே யார் பேசுகிறார் என்பது ஒரு கேள்வி, வாக்கியம் நம்மிடம் எந்த வழியாக வந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்ததில்தான் உங்கள் 400 போனது. நல்லவேளை, ஃபிர்அவ்ன் சொன்னதை எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே "குர்ஆன் 79:24" என்று போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சின்ன எழுத்து நூற்றுக்கு நூறு சரியாக இருந்திருக்கும், பெரிய எழுத்துக்கு அடி விழுந்திருக்கும்.

8 மே

மூன்று வகை என்றேன். போதாது. நபித்தோழர் சொன்னது என்று ஒரு வரிசை தனியாக இருக்கிறது, மவ்கூஃப் என்பார்கள். அதற்கடுத்த தலைமுறைக்காரர் சொன்னது மக்தூஃ. "முஸ்லிம்கள் அழகியதாகக் கண்டது அல்லாஹ்விடமும் அழகியது" என்பதை நான் இரண்டு மண்டபத்தில் "நபிமொழி" என்று எழுதியிருக்கிறேன். அது இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்னது.

9 மே

பேர் மாறிப் போவது எங்கள் சமாசாரம் மட்டும் இல்லை. 90களில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" எழுதி, கீழே "திருவள்ளுவர்" என்று போட்டேன். எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் அப்படித்தான் இருந்தது. தமிழாசிரியர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து சாமியாடினார். "கணியன் பூங்குன்றன்யா! புறநானூறு 192! அவர் ஊரு எதுன்னு தெரியுமா? இந்தா இருக்கு மகிபாலன்பட்டி, திருப்பத்தூர் போற வழி! பக்கத்து ஊர்க்காரரையே தெரியலேன்னா நீ என்னத்தை எழுதுறே?" பெயிண்ட் காய்வதற்குள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து மாற்றினேன். சின்ன எழுத்தில் கவனமாக இருக்கணும் என்று புத்தி வந்தது அன்றைக்குத்தான். வந்த புத்தி நிலைத்ததா என்றால், அடுத்த நோட்டைப் பாருங்கள்.

11 மே

சீனாக் கதை.

ஒரு மதரஸா காம்பவுண்டுச் சுவர், நாற்பது அடி நீளம். "சீன தேசம் சென்றேனும் சீர்கல்வி தேடு – நபிமொழி." பச்சையில் எழுத்து, மஞ்சளில் நிழல். என் வாழ்நாளில் எழுதினதில் அழகான எழுத்து அது. "சி"க்கும் "சீ"க்கும் நடுவில் ஒரு பிறை வைத்தேன், யாரும் கேட்காமல். ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு பயானில் (சொற்பொழிவில்) கேட்கிறேன், அதன் அறிவிப்பாளர் தொடர் தேறாது, இட்டுக்கட்டியது என்றே சொன்னவர்களும் உண்டு என்று. கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்பது இப்னு மாஜா என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது, அது வேறு. சீனாதான் கூட ஏறியது.

சுவரை அழிக்கவில்லை. வெயில் அழித்துக்கொண்டது. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் "தேடு" மட்டும் தெரிகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், யார் சொன்னது என்று பிரிப்பது ஒரு தராசு. வந்த வழி உறுதியா என்று பார்ப்பது வேறு தராசு. ஸஹீஹ் (உறுதி), ஹஸன் (ஏற்கத்தக்கது), பலவீனம், இட்டுக்கட்டு என்பதெல்லாம் அந்த இரண்டாவதில் வருகிறவை. குத்ஸி என்றதும் "அல்லாஹ்வே சொன்னது, அப்போ சாதா ஹதீஸைவிட உறுதி" என்று நினைக்கிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. குத்ஸியும் ஆட்கள் வழியாகத்தான் வருகிறது, அதிலும் பலவீனம் உண்டு, புனைவும் உண்டு. குர்ஆனுக்கு மட்டும்தான் இந்தத் தராசு இல்லை. ஒரு தலைமுறையே மனனமிட்டு அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது. ஒருவர் இருவர் அறிவித்ததில்லை.

11 மே, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "சீ"க்கு முன்னால் "சி" எங்கே வந்தது? பிறை வைத்தது "சீன"வுக்கும் "தேச"த்துக்கும் நடுவில். வயசாகிறது.

14 மே

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

"நான் மறைந்திருந்த புதையலாக இருந்தேன், அறியப்பட விரும்பினேன், ஆகவே படைப்பைப் படைத்தேன்." எங்கள் அத்தாவுக்கு இது உயிர். தர்காவில் பாவாக்கள் தப்ஸ் அடித்துப் பாடும்போது இந்த இடம் வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். குத்ஸி என்றுதான் சொல்வார். பிற்பாடு பார்த்தால், இதற்கு அறியப்பட்ட அறிவிப்பாளர் தொடரே இல்லை என்று இப்னு தைமிய்யா எழுதியிருக்கிறார். சரி, அவர் சூஃபிகளுக்கு எதிரி, அப்படித்தான் சொல்வார் என்று அத்தா தள்ளிவிட்டிருப்பார். ஆனால் சூஃபிகளின் பெரிய ஷைகு இப்னு அரபியே, இது அறிவிப்பு வழியாக நிலைபெறவில்லை, அகப்பார்வையில் சரியானது என்றுதான் சொல்கிறார். அத்தாவுக்குப் பிடித்தவரே சின்ன எழுத்தைச் சரியாகப் போட்டிருக்கிறார். அவர் குத்ஸிகளை மட்டும் திரட்டி 101 ஹதீஸ்கள் கொண்ட தொகுப்பே செய்தவர். அவருக்குத் தெரியாதா?

அத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். பாட்டு முடிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

16 மே

அண்ணன் பிரஸ்ஸில் நடந்தது: 400லும் "குர்ஆன்" என்ற இடத்தில் "நூல்: முஸ்லிம்" என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கப் பெண் வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். நான் பஸ்ஸேறிப் போய் ஒட்டினேன். சும்மா வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன். ஆச்சி பால் பணியாரம் கொடுத்தார். ஒட்டும்போது அண்ணன் கேட்ட கேள்விகள் இங்கே கேட்டதைவிட நன்றாக இருந்தன. ஒன்று: "பாய், கல்யாணம் முடிஞ்சா இந்தப் பத்திரிகை குப்பைக்குத்தானே போகும்? அல்லாஹ் பேரு போட்டது காலில் மிதிபடாதா?"

பதில் இல்லை. இதனால்தான் இப்போது நிறையப் பேர் அரபு ஆயத்தே (குர்ஆன் வசனமே) போடுவதில்லை, தமிழ் அர்த்தத்தோடு நிறுத்துகிறார்கள். எங்கள் பள்ளியில் பழைய குர்ஆன் ஏடுகளுக்கென்று ஒரு சாக்கு தொங்கும், நிறைந்ததும் கபர்ஸ்தான் மூலையில் புதைப்பார்கள். பத்திரிகைக்கு யார் சாக்குக் கட்டுவது. சுவரில் ஆயத்து எழுதுவதையே ஹனஃபி கிதாபுகளில் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்று சொல்லியிருக்கிறது, எழுத்து உதிர்ந்து காலில் படும் என்று. முப்பது வருஷம் எழுதினபிறகு எனக்கு இதைச் சொன்னார்கள்.

22 மே

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பத்தடி ஃபிளெக்ஸ். ஸ்டிக்கர் ஒட்டாத ஒரு பத்திரிகை எப்படியோ ஃபிளெக்ஸ் கடைப் பையன் கைக்குப் போயிருக்கிறது. ஒரு ஜாண் எழுத்தில் "(குர்ஆன்)".

பிரியாணி நன்றாக இருந்தது.

2 ஜூன்

ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்: நபி காலத்திலேயே பிரித்துத்தான் வைத்தார்களா, பின்னால் வந்த ஏற்பாடா?

முஸ்லிம் நூலில் அபூ ஸயீத் அல்குத்ரீ வழியாக வருகிறது: "என்னிடமிருந்து குர்ஆனைத் தவிர எதையும் எழுதாதீர்கள்." ஒரே தோலில் இரண்டையும் எழுதினால் கலந்துவிடும் என்பதுதான் அச்சம் என்று விளக்குவார்கள். பிறகு மக்கா வெற்றியின்போது அபூ ஷாஹ் என்ற யமன்காரர் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு எழுதித் தரச் சொல்ல, "அபூ ஷாஹுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று நபியே சொன்னது புகாரியில் இருக்கிறது. ஆக எழுதவே கூடாது என்பதில்லை, கலக்கக் கூடாது. யமாமா போரில் மனனமிட்டவர்கள் பலர் ஷஹீதானபின் (உயிர்நீத்தபின்) அபூபக்ர் (ரலி) ஸைத் இப்னு ஸாபித்திடம் திரட்டச் சொன்னது குர்ஆனை மட்டும். ஹதீஸ்கள் பெரிய நூல்களாக வந்தது அதற்கு இருநூறு வருஷம் பிற்பாடு.

ஹதீஸைக் கருத்துக் கெடாமல் சொல் மாற்றி அறிவிக்கலாம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். குர்ஆனில் அது நடக்காது. ஒரே ஹதீஸ் புகாரியில் ஒரு மாதிரியும் முஸ்லிமில் கொஞ்சம் வேறு மாதிரியும் இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் பயம் போகும்.

3 ஜூன்

7ஆம் தேதி நோட்டில் 53ஆம் அத்தியாயத்தைப் போட்டு விஷயத்தை முடித்த மாதிரி எழுதிவிட்டேன். பேரீச்ச மரக் கதை நினைவு வந்தது. மதீனாவில் ஆண் பூவை எடுத்துப் பெண் மரத்தில் வைத்துக் காய்க்கச் செய்வார்கள். நபி ஒரு முறை அது எதற்கு என்பதுபோல் சொல்ல, அவர்கள் விட்டுவிட, அந்த வருஷம் காய்ப்புக் கெட்டது. "உங்கள் உலக விஷயத்தை நீங்களே நன்கு அறிவீர்கள்" என்றார்கள். இதுவும் முஸ்லிம் நூலில்தான். அப்படியானால் நபி சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஒரே தட்டில் இல்லை, மார்க்கமாகச் சொன்னது வேறு, தோட்டத்தில் நின்று ஓர் அபிப்பிராயமாகச் சொன்னது வேறு. எது எது என்பதில்தான் ஆலிம்கள் ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

19 ஜூன்

அண்ணன் கேள்வி: "தவ்ராத், இன்ஜீல் என்கிறீர்களே, அதுதான் பைபிளா?"

தவ்ராத் மூஸாவுக்கு (மோசே), ஸபூர் தாவூதுக்கு (தாவீது), இன்ஜீல் ஈஸாவுக்கு (இயேசு), அதுபோக இப்ராஹீமின் ஏடுகள். இறங்கியவை என்று நம்புவது எங்கள் ஈமானில் (நம்பிக்கையில்) ஒன்று. இன்று கையிலிருக்கிற பைபிள் முழுக்க அதுவே என்று சொல்வதில்லை, முழுக்க இல்லை என்றும் சொல்வதில்லை. குர்ஆன் 21:105இல் "பூமிக்கு என் நல்லடியார்கள் வாரிசாவார்கள் என்று ஸபூரில் எழுதினோம்" என்று வருகிறது. ஒரு சர்ச் காம்பவுண்டில் வசனம் எழுதப்போனபோது கொடுத்த சீட்டில் "நீதிமான்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொண்டு" என்று இருந்தது, சங்கீதம் 37:29. பிரஷோடு ஏணியில் அப்படியே நின்றுவிட்டேன். பாதிரியார் கீழேயிருந்து "எழுத்துப் பிழையா பாய்?" என்றார்.

20 செப்டம்பர்

மவ்லூது (நபி பிறந்த) மாதம். பன்னிரண்டு நாளும் இஷா முடிந்து சுப்ஹான மவ்லிது ஓதல், கடைசியில் நார்சா (பகிர்ந்து கொடுக்கும் உணவு). பக்கத்தில் பேரன். "நன்னா, இதுவும் குர்ஆனா?" என்கிறான்.

இல்லடா, பாட்டு. நபியைப் புகழ்ந்து பிற்காலத்தார் இயற்றியது. புர்தாவும் அப்படித்தான், பூஸீரி எழுதியது. அவனுக்கு எல்லாம் ஒன்று, ஏனென்றால் எல்லாம் அரபு எழுத்து, எல்லாவற்றையும் "ஓதுறது" என்கிறோம். வீட்டில் அம்மாவுடைய பழைய கிதாபு இருக்கிறது, அரபுத் தமிழில். எழுத்து அரபு, பேச்சு நம்ம தமிழ், உள்ளே தொழுகைச் சட்டம். அம்மா அதையும் குர்ஆனை வைக்கிற அதே பலகையில்தான் வைப்பார்.

என்னைச் சொல்லவேண்டாமா? எனக்கு ஏழெட்டு வயது. மாமு சவூதியிலிருந்து வந்தார். தரையில் கிடந்த காகிதத்தில் அரபு எழுத்து. பதறி எடுத்து முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றி நெற்றியில் வைத்தேன். மாமு விழுந்து விழுந்து சிரித்தார். சோப்புத்தூள் பொட்டலம். துணியை எத்தனை நேரம் ஊறவைக்கணும் என்று போட்டிருந்ததாம்.

23 செப்டம்பர்

கடற்கரைப் பக்கம் சம்பந்தி வீடு. மக்ரிபுக்கு, அதாவது அந்தித் தொழுகைக்கு, போன பள்ளி ஷாஃபி. இமாம் ஃபாத்திஹாவுக்கு முன் பிஸ்மியை (பிஸ்மில்லாஹ் என்று தொடங்கும் வாசகத்தை) சத்தமாக ஓதினார். எங்கள் ஹனஃபி பள்ளியில் மெதுவாகத்தான். திரும்பி வரும் வழியில் மச்சானோடு வாக்குவாதம், பிஸ்மி ஃபாத்திஹாவின் ஆயத்தா இல்லையா என்று. மதீனா அச்சுக் குர்ஆனில் பிஸ்மிக்கு 1 என்றே எண் போட்டிருக்கிறது, அது மச்சானுக்கு வசதி. என் பக்கத்துக்கு ஒரு குத்ஸி இருக்கிறது, முஸ்லிமில்: "தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரு பாதியாகப் பிரித்தேன்." அதில் அடியான் "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றதும் அல்லாஹ் "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்கிறான். கணக்கு அல்ஹம்துவில்தான் ஆரம்பிக்கிறது, பிஸ்மியில் இல்லை.

வாதத்துக்காகத்தான் எடுத்தேன். ஆனால் அன்றிரவு தொழும்போது என்னமோ ஆயிற்று. நான் ஓதுவது குர்ஆன். ஒவ்வொரு ஆயத்துக்கும் மேலிருந்து பதில் வருகிறது என்று சொல்வது குத்ஸி. இரண்டையும் இத்தனை நாள் தனித்தனியாகப் பிரித்துப் பிரித்து எழுதினேன், ஒன்றுக்கொன்று இப்படிப் பேசிக்கொள்கிறதே. ஃபாத்திஹாவை இவ்வளவு மெதுவாக நான் ஓதினதே இல்லை.

24 செப்டம்பர்

"குத்ஸிக்கு ஓதல் நன்மை இல்லை என்றால் அதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்?" என்று மச்சான் இங்கேயே வந்து கேட்கிறார். (வாங்க மச்சான்.)

"என் அடியார்களே, அநீதியை என்மீதே நான் தடுத்துக்கொண்டேன், உங்களுக்கிடையிலும் அதைத் தடுத்துவிட்டேன்." அபூதர் (ரலி) வழியாக வரும் நீண்ட குத்ஸி. இதை அறிவித்தவர்களில் ஒருவர் அபூ இத்ரீஸ் அல்கவ்லானி. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று முஸ்லிம் தம் நூலிலேயே குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு எழுத்துக்குப் பத்து நன்மைக் கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்?

10 அக்டோபர்

ஒரு பழைய கடன் கதை, தலைப்புக்கு உள்ளேதான்.

ஓர் அரிசி ஆலை. எந்த ஊர் என்று வேண்டாம். முதலாளி எங்கள் ஆள்தான். வாசல் சுவரில் "உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடுங்கள் – நபிமொழி" என்று எழுதச் சொன்னார். எழுதினேன். கூலிக்கு மூன்று மாதம் நடந்தேன். வியர்வை உலர்ந்து, பெயிண்ட் உலர்ந்து, மழையும் வந்து போனது. ஒரு நாள் அந்தச் சுவருக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே வருகிற லாரிக்காரன் எல்லாம் என்னையும் பார்த்தான், எனக்கு மேலே இருந்ததையும் பார்த்தான். மத்தியானத்துக்குள் காசு வந்தது.

அந்த வாசகம் இப்னு மாஜாவில் இருக்கிறது. தொடரில் பலவீனம் உண்டு என்பார்கள், வேறு வழிகளிலும் வருவதால் ஏற்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்போது தெரிந்திருந்தால் அதைவிடக் கனமானதை எழுதியிருப்பேன். புகாரியில் ஒரு குத்ஸி: மூன்று பேருக்கு மறுமையில் நானே எதிர்வழக்காடுவேன் என்கிறான் அல்லாஹ். என் பேரால் வாக்குக் கொடுத்து மோசம் செய்தவன். சுதந்திர மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவன். ஆளை வேலைக்கு வைத்து, வேலையை முழுசாக வாங்கிக்கொண்டு, கூலி கொடுக்காதவன்.

மனுஷனை விற்றவனோடு சேர்த்து வைத்திருக்கிறது கூலி பாக்கி வைத்தவனை. தொடர் உறுதி, பேசுவது யார் என்பதும் உறுதி.

11 அக்டோபர்

"தாயின் காலடியில் சொர்க்கம்" பொய்யா என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஆட்டோ பின்னால் நூறு முறை எழுதியிருப்பேன், என் வயிற்றில் அடிக்காதீர்கள். "சொர்க்கம் தாய்மார்களின் பாதங்களுக்குக் கீழே" என்ற அந்த வாசக அமைப்புத்தான் பலவீனம். நஸாயீ என்ற ஹதீஸ் நூலில் போருக்குப் போக ஆலோசனை கேட்டு வந்தவரிடம் "உன் தாய் இருக்கிறாரா?" என்று கேட்டு, "அவரைப் பிரியாதே, சொர்க்கம் அவர் காலடியில் இருக்கிறது" என்று சொன்னதாக வருகிறது, அது தேறும். ஆட்டோக்காரர்கள் நிம்மதியாக ஓட்டலாம்.

"சுத்தம் ஈமானின் பாதி" முஸ்லிமில் இருக்கிறது. "நாட்டுப்பற்று ஈமானில் உள்ளது" இட்டுக்கட்டு. நாட்டின் மேல் பற்று வைக்க ஹதீஸ் வேண்டுமா என்ன.

3 மார்ச் 2024

தேவகோட்டை அண்ணன் நோன்பு அட்டவணை அடிக்கிறார், மூன்று ஜமாஅத்துக்கு. புரூஃப் வாட்ஸப்பில் அனுப்பினார். மேலே: "நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுக்கிறேன்." கீழே அவரே போட்டிருக்கிறார்: "ஹதீஸ் குத்ஸி. நூல்கள்: புகாரி, முஸ்லிம்." நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. கூடவே ஒரு குரல் பதிவு: "பாய், இந்தத் தடவை சின்ன எழுத்து சரியா இருக்கா பாருங்க."

சின்ன எழுத்து சரி அண்ணே. நேரத்தைப் பாருங்கள். சென்னை அட்டவணையை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். நமக்கு மக்ரிபு ஐந்தாறு நிமிஷம் பிந்தித்தான். இதைப் பார்த்துக் கஞ்சியில் கைவைத்தால் முப்பது நோன்பும் போச்சு. அச்சு ஏற்றிவிட்டீர்களா? எடுத்துப் பேசுங்கள்.